கயிறு சுற்றிய பழைய மேசை விளக்கு: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

கும்பகோணத்தில் ஒரு பழைய சாமான் கடையில் 150 ரூபாய்க்கு எடுத்த விளக்கு இது. துருவேறிய இரும்பு அடித்தட்டு, கடைசல் வேலை செய்த மரத்தண்டு, மேலே கிழிந்து தொங்கிய துணிக்கூடு. தேங்காய் நார்க் கயிறும் மூங்கில் கூடையும் வைத்து அதற்கு ஒரு கிராமத்துக் களை கொண்டுவந்தேன். செய்த அன்றைக்கு எந்த விளக்கும் அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் டப்பாவுக்குள் இருக்கும் அப்பளமே நமுத்துப்போகிற ஊர் எங்களுடையது. இங்கே நாரும் மூங்கிலும் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வயரிங். கடைக்காரர் பிளக்கில் சொருகி “எரியுது பாருங்க” என்றார். எரியத்தான் எரிந்தது. ஆனால் வயரை லேசாக வளைத்தாலே மேல்தோல் பொரிந்து உதிர்ந்தது, பிளக்கும் இரண்டு முள். அடித்தட்டு இரும்பாக இருக்கும்போது எர்த் இல்லாமல் விடக் கூடாது. உள்ளே வயர் உரசித் தோல் போய்விட்டால் தட்டிலேயே மின்சாரம் ஏறி நிற்கும். மழைநாளில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று சுவிட்ச் போடுகிறவர்கள் நாம். அதனால் எலக்ட்ரீஷியனை வைத்து மூன்று கம்பி வயர், மூன்று முள் பிளக், புது ஹோல்டர் எல்லாம் மாற்றினேன். பச்சை-மஞ்சள் கம்பியை அடித்தட்டில் ஒரு திருகு வைத்து முடுக்குவதற்கு முன், அந்த இடத்தில் மட்டும் பெயின்டை இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டினார். பெயின்டுக்கு மேல் முடுக்கினால் எர்த் கொடுத்தும் பயனில்லை. சுவிட்சைப் பழுப்புக் கம்பியில், அதாவது பேஸ் வரும் கம்பியில் போட வேண்டும். கோடையில் வீட்டு எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டும் போனார். பாதி வீடுகளில் அந்தக் குழி எங்கே இருக்கிறது என்றே தெரியாது!

மொத்தச் செலவு, பல்பும் கூலியும் சேர்த்து, 800 ரூபாயைச் சற்றுத் தாண்டியது. அதில் பெரும்பங்கு மின்சார வேலைக்குப் போனது. சிக்கனம் பிடிக்க வேண்டுமானால் கயிற்றிலும் பெயின்டிலும் பிடிக்கலாம், இதில் வேண்டாம்.

இரும்புக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு கை ரெட் ஆக்சைடு என்ற துருத் தடுப்புப் பூச்சு, மேலே பளபளப்பில்லாத கறுப்பு. இன்றுவரை துரு எட்டிப் பார்க்கவில்லை. மரத்தண்டில் கயிறு வராத பகுதிக்குப் பழைய வார்னிஷைச் சுரண்டிவிட்டு ஆளி விதை எண்ணெய் தேய்த்தேன். தச்சர் முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை அடிக்கச் சொன்னார். ஓட்டு வீட்டுக் கைமரத்துக்கு அது சரி, கரையான் அண்டாது. கையில் பட்டால் புண்ணாக்கும் சாமானை மேசைமேல் வைக்க எனக்கு மனமில்லை. ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். கசங்கிக் கிடந்தால் அதுவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

அப்புறம் கயிறு. தண்டின் கீழ்ப்பாதிக்குத் தேங்காய் நார்க் கயிறு, கழுத்துப் பகுதிக்கு மெல்லிய சணல். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை இருக்கும்வரை நமக்குக் கயிற்றுக்குப் பஞ்சமில்லை, 2018 கஜா புயலில் அத்தனை மரம் சாய்ந்தும்கூட. முதல் அடைமழையிலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. சணலில் சாம்பல் நிறப் பூஞ்சை புள்ளி புள்ளியாகப் பிடித்து, பக்கத்தில் போனாலே ஈரச்சாக்கு வாடை. நார்க் கயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம் லிக்னின், அதாவது நாரை விறைப்பாக வைத்து எளிதில் மக்கவிடாத பொருள். தேங்காய் நாரில் அது 40 சதவீதத்துக்கு மேல், சணலில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மட்டையைத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டாலும் நார் அழுகாமல் வருவதும் இதனால்தான். சணலை அவிழ்த்துவிட்டுக் கழுத்துக்கும் மெல்லிய நார்க் கயிறே சுற்றிவிட்டேன்.

பசையை நம்ப வேண்டியதில்லை. மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை ஈரக்காற்றில் இளகி, நுனி தானாகக் கிளம்பிவிடுகிறது. கயிற்றின் ஆரம்ப நுனியை வளையம்போல மடித்துத் தண்டோடு படுக்கவைத்து, அதன்மேலேயே நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு போங்கள். கடைசி நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆரம்ப நுனியைப் பிடித்து இழுத்தால் வளையம் சுற்றுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். நெசவுத் தறியில் பழகிய பக்கத்து வீட்டு அக்கா காட்டிக்கொடுத்தது. இன்னும் ஒரு சுற்றுகூடத் தளரவில்லை. சுற்றுவதற்கு முன்பே, வாசலில் வைத்துக் கயிற்றை மெழுகுவர்த்திச் சுடரில் வேகமாகக் காட்டி எடுத்தால் சிலிர்த்து நிற்கும் பிசிறெல்லாம் பொசுங்கிப் போகும். தூசி அடையத்தான் செய்யும், பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

கூடைதான் தகராறு. கிழிந்த துணிக்கூட்டுக்குப் பதிலாகக் கவிழ்த்து மாட்டிய மூங்கில் பூக்கூடை பார்க்க லட்சணமாக இருந்தது, இரவில் சுவரெல்லாம் கட்டம் கட்டமாக நிழல். ஆனால் ஒரு கோடையில் மேசைமேல் கோதுமை மாவுபோலத் தூள் கொட்ட ஆரம்பித்தது. துடைத்தால் மறுநாளும் அதே இடத்தில். உளுக்கிற வண்டு மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்குத்தான் வருகிறது. வேறு கூடை வாங்கி, தண்ணீர்த் தொட்டியில் கல்லை வைத்து அமுக்கி ஊறப்போட்டு, தினம் தண்ணீர் மாற்றி, பிறகு நல்ல வெயிலில் காயவைத்துப் பொருத்தினேன். இதுவரை தூள் இல்லை.

பல்பு 5 வாட் எல்இடி, 2700 கெல்வின் மஞ்சள் ஒளி. அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்பை மூங்கிலுக்குள் போடவே போடாதீர்கள், கருகிவிடும். சம்பா வயல் பச்சை கட்டும் நாட்களில் தத்துப்பூச்சி வெள்ளை டியூப்லைட்டைத்தான் மொய்க்கிறது, இதற்குக் குறைவாகவே வருகிறது. வருவதெல்லாம் கூடைப் பின்னலில் சிக்கிக் கிடக்கும், காலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தட்ட வேண்டும்.

படிப்பதற்கு இது ஆகாது. கட்ட நிழல் எழுத்துமேல் விழுந்து கண்ணைப் பிடுங்கும். ரேழியில் ராத்திரி வெளிச்சத்துக்கும், வந்தவர்கள் உட்கார்ந்து பேசுவதற்கும் சரி.

மாமியாருக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. “ஏம்மா, இதுக்குப் பட்ட பாட்டுக்கு ஒரு எட்டு நாச்சியார்கோயிலுக்குப் போயி குத்துவிளக்கா வாங்கியாந்திருக்கலாமே” என்கிறார். காவிரி வண்டலில் அச்சு எடுத்து வார்க்கும் அந்தப் பித்தளையின் விலை எடைக்கு எடை ஏறும், 800 ரூபாய்க்குக் கையடக்கமாக ஒன்று கிடைத்தால் உண்டு. ஆனாலும் நாத்தனார் தனக்கும் இதேபோல் ஒன்று கேட்டிருக்கிறார். அவருக்குக் கூடை வேண்டாம், கயிறு மட்டும் சுற்றி மேலே கதர்த் துணிக்கூடு போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.