சேலையும் நிலாவும் எண்ணூர் மேகமும்: என் லென்ஸ்கள் காட்டிய வேலை

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்குச் சேலைப் படம் எடுத்துக்கொடுக்கும் வேலை 2017-இல் கிடைத்தது. கையில் கேனான் 70டி கேமரா. அதற்கென்றே செகண்ட் ஹேண்டில் ஒரு 50 எம்.எம். எஃப்/1.4 லென்ஸ் வாங்கினேன். எஃப் எண் சின்னதானால் ஒளி புகும் துளை பெரிது, எண் கூடினால் துளை சிறிது. கம்பெனி பெயர் வேண்டாம், இந்தக் குணம் பல பழைய 1.4 லென்ஸ்களுக்கும் உண்டு.

முதல் நாள் எடுத்த படங்களைப் பார்த்த அண்ணாச்சி கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, ஜரிகை எங்க?" பார்டரின் மேல்தான் ஃபோகஸ் வைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் பார்டர் லேசாகப் பிசிறுகிறது, அதற்கு ஒரு விரல் பின்னால் இருக்கும் மடிப்பில் நூல் நூலாகத் தெரிகிறது. ஆட்டோஃபோகஸ்தான் கோளாறு என்று ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்தேன். அதன் பிறகு எஃப்/1.4-இல் எடுத்தால் கச்சிதம். எஃப்/2.8-க்குப் போனால் மறுபடியும் அதே கதை.

விஷயம் புரிய இரண்டு மாதம் ஆனது. இதை ஃபோகஸ் ஷிஃப்ட் என்கிறார்கள். இந்த மாதிரி லென்ஸில் கண்ணாடியின் ஓரம் வழியாக வரும் ஒளி சற்று முன்னாலேயே குவிந்துவிடும், நடுவில் வருவது கொஞ்சம் தள்ளிக் குவியும். 1.4-இல் துளையின் விட்டம் சுமார் 36 மில்லிமீட்டர். ஓரமும் நடுவும் கலந்து ஓர் இடத்தில் சமாதானமாகிறது, அதைத்தான் நாம் ஃபோகஸ் என்று பிடிக்கிறோம். 2.8-க்கு வந்தால் விட்டம் 18 மில்லிமீட்டர்தான். ஓரத்து ஒளி வெட்டுப்பட்டு, நடுவில் வருவது மட்டும் மிஞ்சுகிறது. கூர்மை கேமராவிலிருந்து விலகிப் பின்பக்கம் நகர்ந்துவிடுகிறது. எஃப்/8 போனால் கூர்மையாகத் தெரியும் ஆழம் கூடி இந்த நகர்வு மறைந்துபோகும். அதனால்தான் 2-க்கும் 4-க்கும் நடுவில் ரொம்ப ஏமாற்றும்.

இதில் 70டி மாதிரி டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் பங்கும் உண்டு. அது எப்போதும் துளையை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஃபோகஸ் செய்கிறது. ஷட்டர் அடிக்கும் நொடியில்தான் துளையைச் சுற்றியிருக்கும் மெல்லிய தகடுகள், அதாவது பிளேடுகள், நாம் சொன்ன அளவுக்கு மூடும். ஆகவே வியூஃபைண்டரில் பார்ப்பது ஒன்று, பதிவாவது வேறொன்று. என் வழி இதுதான்: பின்பக்கத் திரையில் காட்டும் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, துளையை முன்கூட்டியே மூடிக் காட்டும் டெப்த் பிரிவ்யூ பட்டனை, லென்ஸ் பக்கத்தில் இருப்பதை, அழுத்திப் பிடித்து, மூடிய துளையிலேயே கையால் ஃபோகஸ். நேரம் பிடிக்கும். ஆனால் சேலை எங்கேயும் ஓடிவிடாது.

ஓடுகிறவர்கள் வியாசர்பாடி மைதானத்துப் பையன்கள். அங்கே கால்பந்து எடுக்க 70–200 எம்.எம். ஜூம் லென்ஸ் போதும், அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அதே லென்ஸை ராயபுரத்தில் ஒரு வளைகாப்புக்குக் கொண்டுபோனபோதுதான் வேறு முகம் காட்டியது. வளையல் அடுக்கிய கையை நெருங்கிப் போய் 200-இல் வைத்தால் படத்தில் கை எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருக்கிறது. உள்ளேயே ஃபோகஸ் செய்யும் ஜூம்களில் இது சகஜம். கிட்டப் பார்க்கும்போது உள்கண்ணாடிகள் நகர்ந்து குவிய நீளமே, அதாவது அந்த எம்.எம். கணக்கே, குறைந்துவிடும். 200 என்று எழுதியிருப்பது தூரத்தைப் பார்க்கும்போதுதான் சரி. பழைய பாணி 50-இல் நேர் எதிர்: லென்ஸ் முழுவதும் முன்னால் நகரும், கிட்ட வரவர காட்சி கொஞ்சம் இறுகும். இரண்டையும் சேர்த்து 'பிரீதிங்', அதாவது லென்ஸ் மூச்சு விடுகிறது என்கிறார்கள். போட்டோவில் யாரும் கவனிக்க மாட்டார்கள். வீடியோவில் மாப்பிள்ளையிலிருந்து பெண்ணுக்கு ஃபோகஸ் மாற்றும்போது பின்னால் இருக்கும் வாழைமரம் உப்பிச் சுருங்கினால் கண்ணை உறுத்தும்.

மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பொருளை அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழவைக்கும் தூரத்தில், எஃப்/2.8 என்று போட்டிருந்தாலும் வெளிச்சம் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் குறையும், அதாவது கால்வாசிதான் மிஞ்சும்.

அடுத்து நிலா. காசிமேட்டுக் கரையில் நின்றால் துறைமுகத்துக்காகக் காத்திருக்கும் கப்பல்களின் விளக்குகள் வரிசையாகத் தெரியும். தூரம்தானே என்று வளையத்தைக் கடைசி வரை சுற்றினேன். கப்பல் விளக்கு, மேலே நிலா, எல்லாமே பஞ்சு. ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில், அதிலும் தூரத்தை இழுத்துக் காட்டும் டெலியில், முடிவிலிக் குறியைத் தாண்டியும் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். வெயிலில் உள்பாகங்கள் விரிந்தால் அந்த இடம் தேவைப்படும். நம்ம ஊர் மே மாசத்துக்கு அது அவசியம்தான். கடைசி வரை போகாமல், ஒரு விளக்கைப் பெரிதாக்கிப் பார்த்து நிறுத்துங்கள்.

இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டிக் காட்டும் டைம்லேப்ஸ் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் மேகம் நகர்வதை எஃப்/8-இல் 400 படம் எடுத்தேன். எல்லாமே மேனுவல், ஒன்றையும் தொடவில்லை. ஓடவிட்டால் பழைய டியூப்லைட் மாதிரி மினுக்குகிறது. ஒவ்வொரு படத்துக்கும் பிளேடுகள் திறந்து மூடும்போது மயிரிழை வித்தியாசத்தில் நிற்பதுதான் காரணம். தனிப் படத்தில் தெரியாது, வரிசையாக ஓடினால் தெரிந்துவிடும். கேனான் 1987-இல் இ.ஓ.எஸ். கேமரா வரிசையைக் கொண்டுவந்தபோதே துளையை மின்சாரத்தால் மூடும்படி மாற்றிவிட்டதால், அந்த லென்ஸ்களில் கையால் பூட்டிவைக்க வளையமும் கிடையாது. டெப்த் பிரிவ்யூவை அழுத்தியபடி லென்ஸைக் கழற்றுவதுபோல் கொஞ்சம் திருப்பினால் துளை அப்படியே நிற்கும். அடி எடுத்துவைக்கும்முன் லென்ஸ் கழன்று விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது டைம்லேப்ஸுக்கென்று அடாப்டர் போட்டு ஹீலியாஸ் 44-2 என்ற பழைய சோவியத் லென்ஸ் ஒன்று வைத்திருக்கிறேன். 58 எம்.எம்., எஃப்/2, எட்டு பிளேடு, எல்லாம் கையால். ஒருமுறை மூடினால் நாமே திறக்கும்வரை அசையாது, மினுக்கலும் இல்லை.

அதையும் நான் ஒருமுறை கெடுத்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறைப் பரணில் ஒரு கோடை முழுக்கக் கிடந்தது. உள்ளே கிரீஸ் இளகி பிளேடுகளில் எண்ணெய் படிந்துவிட்டது. வளையத்தைச் சுற்றினால் பிளேடுகள் ஒட்டிக்கொண்டு சோம்பலாக நகர்ந்தன. கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. மழை நாளில் கடல் ஈரத்துக்குப் பூஞ்சை வேறு வரும், கண்ணாடிக்குள் சிலந்தி நூல் மாதிரி. காற்று புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல் பாக்கெட், தரையோடு ஒட்டிய அலமாரித் தட்டு. என் லென்ஸ்கள் இப்போது அங்கேதான் இருக்கின்றன.