16 வயதுக் காரில் ஆர்க்டிக் கடல் வரை: இரண்டரை வருடம் கழித்து

2022 ஆகஸ்ட் கடைசியில் கனடாவின் எட்மன்டன் நகரத்திலிருந்து கிளம்பி, ஆர்க்டிக் கடலோரம் இருக்கும் டக்டோயாக்டக் என்ற ஊர் வரை போய்த் திரும்பினோம். 17 நாள், 7,200 கிலோமீட்டர். வண்டி 2006 மாடல் செடான், நான்கு சிலிண்டர். செகண்ட் ஹேண்டில் வாங்கி ஒன்பது வருடமாக நான் ஓட்டிய வண்டி. கிளம்பும்போது ஓடோமீட்டரில் 2,71,000. திரும்பிய வாரமே எழுதியிருந்தால் "ஒன்றும் ஆகவில்லை, தாராளமாகப் போகலாம்" என்று முடித்திருப்பேன். அந்தச் சாலை வண்டியை என்ன செய்திருந்தது என்பது அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லவில்லை. 15 வயது தாண்டிய எந்தக் காருக்கும் இது பொருந்தும். இந்த வயதில் பெரும்பாலோர் என்ஜினை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். பல வருடமாக வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக் என்ஜினைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். மீதி நேரமெல்லாம் வண்டிக்கு அடியிலேயே இருந்தார். ரப்பர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் கை வைத்தார். ரேடியேட்டர் ஹோஸ் இரண்டும் மாற்றினோம். ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட், பாட்டரி மாற்றினோம். முன் அச்சில் ஒரு பக்க ரப்பர் உறை வெடித்திருந்தது. ஊருக்குள் ஓட்டினால் இன்னும் ஒரு வருடம் தாங்கும். ஜல்லித் தூசி உள்ளே போனால் சில நாளிலேயே ஜாயிண்ட் தேய்ந்துவிடும் என்றார். அதையும் மாற்றினோம். நான்கு டயரும் புதுசு. எல்லாம் சேர்த்து 1,400 டாலர் ஆனது.

வண்டியோடு வந்த ஸ்டெப்னி ஒல்லிச் சக்கரம். அதை வைத்து ஜல்லிச் சாலையில் ஓட்ட முடியாது. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில் அதே அளவு ரிம் இரண்டு வாங்கி, முழு டயர் போட்டு டிக்கியில் ஏற்றினேன். டிக்கி பாதி அதிலேயே போய்விட்டது. துணிப்பை எல்லாம் பின் சீட்டுக்கு வந்தது. பஞ்சர் ஒட்டும் சாமான், 12 வோல்ட் காற்றடிக்கும் பம்ப், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை, ஐந்து லிட்டர் என்ஜின் ஆயில், இரும்புக் கம்பி, கரடி வந்தால் அடிக்கும் ஸ்ப்ரே, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவி. இவற்றில் ஸ்ப்ரேயையும் கருவியையும் தவிர எல்லாவற்றையும் பயன்படுத்தினோம்.

கூட வந்தது என் மச்சினன். மாறி மாறி ஓட்டினோம்.

டாசன் கிரீக்கில் அலாஸ்கா நெடுஞ்சாலை தொடங்குகிறது. 1942இல் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவம் சில மாதங்களிலேயே வெட்டிய பாதை. இன்று நல்ல தார்ச்சாலை. பழைய கார் என்ற கவலையே இல்லாமல் ஓட்டலாம். லியார்ட் வெந்நீர் ஊற்றுப் பக்கம் சாலையோரம் காட்டெருமைகள் கூட்டமாக நிற்கும், அங்கே மட்டும் வேகத்தைக் குறையுங்கள். வாட்சன் லேக்கில் ஆயிரக்கணக்கான ஊர்ப் பெயர்ப்பலகைகள் அடித்து வைத்த தோப்பு இருக்கிறது. ஊர் நினைப்பில் இருந்த ஒரு படைவீரர் 1942இல் தொடங்கி வைத்தது. இந்தப் பகுதியில் ஒரே ஒரு நஷ்டம்: எதிரே வந்த லாரி தெறித்த கல்லில் முன்கண்ணாடி விரிசல் விட்டது. ஏற்ற இறக்கத்தில் 2,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. அது ஊரிலும் குடிக்கிற அளவுதான்.

உண்மையான சோதனை டெம்ஸ்டர் நெடுஞ்சாலை. டாசன் சிட்டிக்கு 40 கிலோமீட்டர் முன்பாகப் பிரிந்து இனுவிக் என்ற ஊர் வரை 736 கிலோமீட்டர் போகிறது, ஏறக்குறைய முழுவதும் ஜல்லி. 1979இல் திறந்தது. கீழே உறைநிலம். அது உருகினால் சாலை அமுங்கிவிடும் என்பதால் தடிமனாக ஜல்லி மெத்தை போட்டு அதன்மேல் சாலை போகிறது. அதனால் இரண்டு பக்கமும் சரிவு, ஒதுங்கி நிற்க இடம் குறைவு. முதல் பெட்ரோல் 369ஆவது கிலோமீட்டரில், ஈகிள் ப்ளெயின்ஸில். டாசன் சிட்டியில் டாங்கை நிரப்பினால் எங்கள் வண்டிக்குத் தாராளமாகப் போதும். ஆனால் நிரப்பாமல் கிளம்பவே கூடாது.

டூம்ப்ஸ்டோன் மலைப்பக்கம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. மரமே இல்லாத நிலத்தில் தரையோடு படர்ந்த செடிகளின் நிறம் அது. ஆகஸ்ட் கடைசியைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த இரண்டு மணி நேரமே போதும். கொசுவும் குறைந்திருந்தது. இரவில் வானம் இருட்டுவதால் வடக்கொளியும் (அரோரா) ஒரு நாள் பார்த்தோம்.

டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலேயே ஓட்டினோம். "அத்தான், நாம மெதுவாவே போவோம். அவங்களுக்கு இது தினசரி ரோடு, நமக்கு அப்படி இல்ல" என்றான் மச்சினன், ஒரு பிக்கப் எங்களைத் தாண்டிப் போனபோது. அவன் சொன்னதுதான் சரி. ஆனாலும் 240ஆவது கிலோமீட்டர் சுமாருக்கு வலது பின் டயர் போனது. அந்தச் சாலையின் கல் உருண்டை இல்லை, சில்லு சில்லாகக் கத்தி மாதிரி இருக்கும். பக்கவாட்டில் கிழித்துவிட்டது, ஒட்ட வழியில்லை. ஜல்லியில் ஜாக்கி புதைந்தது. பலகை வைத்த பிறகுதான் வண்டி தூக்கியது. 40 நிமிடத்தில் இரண்டு வண்டிகள் வந்தன. இரண்டுமே நின்று "உதவி வேண்டுமா" என்று கேட்டுவிட்டுத்தான் போயின. அங்கே அதுதான் வழக்கம். நாங்களும் அப்புறம் நின்றிருக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் நின்றோம்.

இரண்டாவது ஸ்டெப்னி டிக்கியில் இருந்ததால்தான் ஈகிள் ப்ளெயின்ஸோடு திரும்பாமல் மேலே போனோம். 405ஆவது கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டக் கோடு. அப்புறம் பீல் ஆற்றிலும் மெக்கென்சி ஆற்றிலும் படகு, இரண்டும் இலவசம். தாழ்வான காருக்குப் படகுத்துறைதான் கஷ்டம். ஜல்லிச் சரிவிலிருந்து இரும்புப் பலகையில் ஏறும் இடத்தில் பம்பர் இடிக்கும். கொஞ்சம் சாய்வாக, ஊர்ந்து ஏற வேண்டும். எங்களுக்குத் திரும்பும்போது இடித்து, பானெட்டுக்குக் கீழேயுள்ள பிளாஸ்டிக் தட்டு பாதி தொங்கியது. சைலன்சர் பிடியும் அறுந்திருந்தது. இரண்டையும் அந்த இரும்புக் கம்பியில் கட்டித்தான் எட்மன்டன் வரை வந்தோம்.

இனுவிக்கிலிருந்து டக்டோயாக்டக் வரையான சாலை 2017 நவம்பரில் திறந்தது. அதற்கு முன் கோடையில் அந்த ஊருக்குக் காரில் போகவே முடியாது. ஆர்க்டிக் கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நம் தெருவில் காய்கறி வாங்கப் போகிற அதே கார், கூரை வரை சேறோடு நிற்கிறது. பானெட்டில் கை வைத்து நின்றேன். அந்த நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை.

இனி அந்தச் சேறு. தூசி அடங்க அங்கே கால்சியம் குளோரைடு போடுகிறார்கள். காற்றின் ஈரத்தை இழுத்துச் சாலையை நனைவாக வைத்திருக்கும் உப்பு அது. வண்டிக்கு அடியில் ஒட்டினால் சிமெண்ட் மாதிரி இறுகும், இரும்பையும் அரிக்கும். டாசன் சிட்டியில் ஒரு தடவை, வீட்டுக்கு வந்து மூன்று தடவை அடிப்பக்கம் கழுவினேன். போதவில்லை. ஐந்தாவது மாதம் முன் பிரேக் ஒரு பக்கம் இறுகிக்கொண்டது. பிரித்தபோது பிரேக் நகர்வதற்கான சிறு உலோக முளைகளுக்குள் (பின்) அதே சாம்பல் நிற மண். ஒரு வருடத்தில் பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் ஆயில் கசிந்தன. ஒன்றரை வருடத்தில் பிரேக் குழாய் அரித்துக் கசியத் தொடங்கியது. இங்கே குளிர்காலத்தில் சாலைக்குப் போடும் உப்புக்கும் அதில் பங்குண்டு, முழுப் பழியையும் டெம்ஸ்டர்மேல் போட மாட்டேன். டிக்கி ரப்பர் இடுக்கிலிருந்து இன்றும் தூசி உதிர்கிறது. பிறகு வந்த செலவு 1,900 டாலர், கண்ணாடி சேர்க்காமல்.

என்ஜின், கியர் பாக்ஸ் இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. இப்போது ஓடோமீட்டரில் 3,18,000. ஆயில் அதே அளவுதான் குடிக்கிறது.

வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் ஜல்லிச் சாலைக்குத் தடை உண்டு, அதனால் பலருக்கும் சொந்த வண்டிதான் வழி. போக நினைக்கிறவர்கள் கையில் இருக்கும் பணத்தை முதலில் டயருக்கும் இரண்டாவது ஸ்டெப்னிக்கும் ஒதுக்குங்கள். திரும்பியதும் கழுவுவதோடு விடாமல், முதல் மாதமே நான்கு பிரேக்கையும் பிரித்து, சுத்தம் செய்து, கிரீஸ் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். நான் அதைச் செய்யவில்லை. மெக்கானிக்கும் சொன்னார், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். இந்த வருடம் டூம்ப்ஸ்டோன் வரை மட்டும், இதே வண்டியில் இன்னொரு தடவை போகிறோம். பிரேக் குழாய்கள் நான்கையும் போன வாரம் மாற்றியாயிற்று.