மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங்: மூணு மாசச் சம்பளம் போச்சு, ஒழுகல் அப்படியே இருக்கு

நேற்று ராத்திரி பெய்த மழையில் படுக்கையறைக் கூரையின் அதே மூலை மறுபடி நனைந்துவிட்டது. வேலை முடிந்து 12 நாள்தான் ஆகிறது. போனது மூணு மாசச் சம்பளம். மொட்டை மாடி ஒழுகலுக்கு ஆள் தேடுகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் தயவுசெய்து இதைப் படியுங்கள். என்னென்ன கவனிக்கணும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஆள் வந்தது வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலி வழியாக. பெயர் வேண்டாம், இந்த மாதிரி நிறைய இருக்கின்றன. பார்வையிட வந்தவர் விஷயம் தெரிந்தவர். தளம் முழுக்கச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். பொக்கென்று சத்தம் வந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். பூச்சு தளத்தை விட்டு எழும்பியிருந்தால் அப்படித்தான் சத்தம் வரும். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் அடிப்பகுதியைக் காட்டி, "தண்ணி இங்கதான் சார் இறங்குது. கீழே தெரியுற இடம் வேற, இறங்குற இடம் வேற" என்றார். உண்மை. தளத்துக்குள் புகுந்த தண்ணீர் எங்கேயோ ஓடி எங்கேயோ சொட்டும். விரிசலை வி வடிவில் வெட்டி அடைப்போம், மூலையில் கலவை வைத்துச் சரிப்போம், பிரைமர் என்கிற அடிப்பூச்சு, நடுவில் வலைத்துணி, இரண்டு கோட்டிங், பிறகு தளத்தில் தண்ணீர் கட்டி 3 நாள் ஒழுகுதா என்று பார்ப்போம் என்று வரிசையாகச் சொன்னார். ஒரு வார்த்தை தப்பில்லை. அதனால்தான் நம்பினேன். அதே நாள் சாயங்காலம் பாதிப் பணம் போனது.

ஆனால் அவர் வாயால் சொன்னது எதுவும் எஸ்டிமேட்டில் இல்லை. "மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங், முழுமையாக" என்று ஒரே வரி. வேலைக்கு வந்தது வேறு இரண்டு பேர். அவர்களிடம் அவர் எதையும் சொல்லி அனுப்பவில்லை.

முதல் நாள் துடைப்பத்தால் பெருக்கினார்கள், அவ்வளவுதான். பாசி படிந்த தளத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிடணும். இல்லாவிட்டால் கோட்டிங் பிடிப்பது பாசியைத்தான், கான்கிரீட்டை இல்லை. இப்போது நகத்தால் நெம்பினால் பட்டையாக உரிந்து வருகிறது, அடியில் பச்சைத் தூள். விரிசல்களின் மேலே பட்டி தடவினார்கள். வெயிலில் விரிந்து ராத்திரி சுருங்கும் விரிசலை மேலே தடவி அடைக்க முடியாது. ஏறக்குறைய 1 செ.மீ. அகலம், 1 செ.மீ. ஆழம் வெட்டி, தூசி எடுத்து, ரப்பர் மாதிரி இழுபடும் அடைப்புப் பசை (சீலண்ட்) வைத்தால்தான் நிற்கும்.

மூலைதான் பெரிய அநியாயம். தளமும் சுவரும் சேரும் இடத்தில் தளம் ஒரு பக்கம் அசையும், சுவர் ஒரு பக்கம் அசையும். அந்த நேர்மூலையில் கோட்டிங்கை அப்படியே அடித்தால் மடிப்பில் கிழியும். அதற்காகத்தான் சுமார் 5 செ.மீ. கலவை வைத்து 45 டிகிரியில் சரிவாக இழுத்து, அது இறுகிய பிறகு கோட்டிங்கைச் சுவரில் குறைந்தது 15 செ.மீ. ஏற்றுவது. இவர்கள் கலவையே குழைக்கவில்லை. சுவரில் நாலு விரல் அளவு ஏற்றிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். வலைத்துணி வரவே இல்லை.

அப்புறம் வாளிக் கணக்கு. தளம் 60 சதுர மீட்டர். வந்தது 20 லிட்டர் வாளி இரண்டு. 1 சதுர மீட்டரில் 1 லிட்டர் பரப்பினால் ஈரமாக 1 மி.மீ. தடிமன் வரும். அதில் பாதி ஆவியாகிப் போகும் ரகம் என்றால் காய்ந்த பிறகு அரை மி.மீ. காய்ந்து 1 மி.மீ. நிற்கணும் என்றால் சதுர மீட்டருக்கு 2 லிட்டர், அதாவது 120 லிட்டர், 6 வாளி. சுவரில் ஏற்றுவதைச் சேர்க்காத கணக்கு இது. இரண்டு வாளியில் கிடைப்பது 0.33 மி.மீ. அதிலும் தண்ணீர் ஊற்றி இழுத்தார்கள். அது சுண்ணாம்பு அடித்த மாதிரிதான்.

முதல் கோட்டிங் கையில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதை அடித்தார்கள். முந்தின நாள் மழை பெய்து தளத்தில் ஈரம் வேறு இருந்தது. அந்த ஈரம் வெயிலில் ஆவியாகிக் கோட்டிங்கைத் தூக்கும். நாலாவது நாளே அங்கங்கே கொப்புளம். தண்ணீர் கட்டிப் பார்க்கலையா என்று கேட்டதற்கு வந்த பதில்: "மழை வந்தா அதுவே டெஸ்ட் தானே சார்." மீதிப் பணத்தை அப்போதே கட்டினால்தான் வாரண்டி அட்டை வரும் என்றார்கள். கட்டியாயிற்று. மூணு மாசச் சம்பளம், முழுசாக.

ஐந்தாவது நாள் மழை, மூலையில் ஈரம். போன் போட்டால், "அது உள்ள தங்கின பழைய ஈரம் சார், காய ஒரு மாசம் ஆகும்." பழைய ஈரம் மெதுவாகத்தான் காயும் என்பது சரி. ஆனால் காய்கிற ஈரம் சுருங்கணும். அன்றைக்கே கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தேன். நேற்றைய மழையில் கறை கோட்டைத் தாண்டி ஒரு சாண் வந்திருக்கிறது. போட்டோ அனுப்பினேன். "கைப்பிடிச் சுவர் தனி வேலை, அதுக்குத் தனி எஸ்டிமேட்" என்று பதில். முதல் நாள் அதே சுவரைக் காட்டித்தான் பணம் வாங்கினார்!

செயலியில் புகார் கொடுத்தால், "நாங்கள் வேலையாளையும் வாடிக்கையாளரையும் இணைத்துவிடுவது மட்டும்தான்." மறுபடி எழுதினால் ஒப்பந்ததாரரிடம் பேசுங்கள் என்கிறார்கள். ஒப்பந்ததாரர் செயலியில் பேசுங்கள் என்கிறார். இன்று காலை பார்த்தால் புகாருக்கு நேரே "தீர்க்கப்பட்டது" என்று போட்டு மூடியிருக்கிறார்கள். என்ன தீர்ந்தது? பத்து வருஷ வாரண்டி அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பது இது: கட்டட அசைவால் வரும் விரிசல், சுவரும் தளமும் சேரும் இடம், மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாய், இவற்றுக்குப் பொருந்தாது. மொட்டை மாடி பெரும்பாலும் ஒழுகுவதே அந்த மூன்று இடத்தில்தான். அதை விட்டுவிட்டு எதற்கு வாரண்டி? மூணு மாசச் சம்பளம் கொடுத்து வாங்கிய அட்டை அது.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. மேலே நிற்கிற தண்ணீரை முதலில் வடிக்கணும். அவசரமாகச் சில:

வாயால் சொல்லும் ஒவ்வொரு படியையும் எஸ்டிமேட்டில் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். எந்தப் பொருள், எத்தனை லிட்டர், எத்தனை மி.மீ. எல்லாம் வரணும். வாளிகளை சீலோடு எண்ணி வாங்குங்கள், காலி வாளியை வெளியே விடாதீர்கள்.

கோட்டிங்குக்கு முந்தின ராத்திரி ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைத் தளத்தில் நாலு பக்கமும் டேப் ஒட்டி வையுங்கள். காலையில் அடியில் வியர்த்திருந்தால் அடிக்க விடாதீர்கள்.

தண்ணீர் கட்டிப் பார்க்காமல் கடைசிப் பணம் கிடையாது. குழாய் வாயை அடைத்து 5 செ.மீ. போதும், ஆனால் சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம். கம்பி துருப்பிடித்த பழைய தளம் என்றால் முதலில் பொறியாளரிடம் காட்டுங்கள்.

கீழே கூரைக்குப் பெயிண்ட் அடித்துக் கறையை மறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் இப்போதே மெசேஜ் பண்ணியிருக்கிறார். அதற்கும் பணம் கொடுக்காதீர்கள், உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டேதான் இருக்கும்.