போடாத போருக்கு 31,500 ரூபாய்: மலையகத்தில் பழைய பைக் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய 100 சிசி பைக் வைத்திருப்பவர்கள், அதிலும் புகை வருகிறது என்று கராஜுக்குக் கொண்டுபோக யோசிப்பவர்கள், இதை வாசித்துவிட்டுப் போங்கள். ஹட்டன் டவுனில் ஒரு கராஜில் எனக்கு 31,500 ரூபாய் பில் போட்டார்கள். புது பிஸ்டன் கிட், லேத்தில் போர் போட்ட (சிலிண்டர் ஓட்டையைக் கடைந்து பெரிதாக்கிய) கூலி, எஞ்சின் ஒயில், வேலைக்கூலி என்று வரி வரியாக எழுதியிருந்தார்கள். அதில் ஒயில் மட்டும்தான் உண்மை. புகார் கொடுத்திருப்பதால் கராஜின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றினார்கள் என்று தெரிந்துகொண்டால் எந்த ஊர்க் கராஜிலும் அது உங்களுக்கு உதவும்.

என்னுடையது பஜாஜ் சிடி 100. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு எங்கள் பக்கம் புது பைக் என்ற பேச்சே எழவில்லை. இருப்பதைத் தட்டிக் கொட்டி ஓட்டினோம். 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள், சரி. ஆனால் அந்த விலைக்கும் என் மருந்துக்கடைச் சம்பளத்துக்கும் எட்டாது. கடை மூடி வெளியே வரும்போது நோர்வூட் பக்கம் போகும் கடைசி பஸ் போயிருக்கும். த்ரீவீலில் போனால் அன்றைக்கு உழைத்ததில் பெரும்பங்கு அதற்கே சரி. பைக் நின்றுவிட்டால் என் வேலையே ஆட்டம் காணும். இந்த அவசரம் கராஜ்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பிரச்சினை நீலப் புகை. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு தடவை குப்பென்று வரும், கொஞ்சத்தில் நின்றுவிடும். அப்புறம், வட்டவளை தாண்டி கினிகத்தேனைப் பக்கம் த்ரொட்டலை மூடி, எஞ்சின் பிரேக்கிலேயே நீளமாக இறங்கிவிட்டுக் கீழே த்ரொட்டலைத் திறந்தால், பின்னால் வருகிறவருக்கு ரோடு தெரியாத அளவுக்கு அடிக்கும். அதே ரோட்டில் திரும்பி மேலே ஏறும்போது, முழு த்ரொட்டலில் இழுத்தாலும் புகையே இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கராஜில் இருந்த பாஸ் (மெக்கானிக்) இதையெல்லாம் கேட்கவில்லை. சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்து, கறுப்பைக் காட்டினார். "தம்பி, போர் போயிருச்சு. இப்படியே ஓட்டுனா ஒரு நாளைக்கு எஞ்சின் சீஸ் ஆகிரும்."

"வால்வ் சீலா இருக்குமோ அண்ணே?"

"வால்வ் சீல்னா இவ்வளவு புகை வராது தம்பி. நாங்க பாக்காத எஞ்சினா?"

ஒரு வாரம் பைக் அங்கேயே கிடந்தது. லேத்தில் கூட்டம் என்றார்கள். எடுக்கப் போனபோது ஹொலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டிய வெறும் பிஸ்டன் பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். பழைய பிஸ்டனைக் கேட்டேன். இரும்புக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டானாம். பிஸ்டன் அலுமினியம் என்பது வேறு கதை. பில்லை மட்டும் கேட்டு, கராஜ் பெயர் அச்சடித்த தாளிலேயே வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது பாஸ் ஒரு கண்டிப்பும் போட்டார்: "புது போர். 500 கிலோமீட்டர் வரைக்கும் 40ஐ தாண்டாதீங்க." நானும் தாண்டவில்லை. டிக்கோயா ரோட்டில் பிரைவேட் பஸ் பின்னால் ஹோர்ன் அடித்துத் துரத்த, கொழுந்து லொறிக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டு, இல்லாத போருக்கு ரன்னிங் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் புகை நின்றது உண்மைதான். ஆனால் குளிர் காலைகளில் கிக் இறங்கவே மாட்டேன் என்றது. பெட்ரோலும் முன்பைவிட அதிகமாகக் குடித்தது. கொஞ்ச நாளில் பழையபடி புகை. திரும்பக் கொண்டுபோனால் ரன்னிங் முடியட்டும் என்றார்கள். முடிந்த பிறகு போனால் நான் ஓட்டுகிற விதம் சரியில்லையாம்.

அதற்குப் பிறகுதான் நோர்வூட் பக்கம், தோட்டத்து லொறிகளுக்கு வேலை செய்து பழகிய ஒரு வயதான பாஸிடம் போனேன். அவர் பைக்கைத் தொடவே இல்லை. புகை எப்போது வருகிறது, ஏற்றத்திலா இறக்கத்திலா என்று மட்டும் கேட்டார். சொன்னதும், "அப்போ சீல்தான்" என்றார்.

அவர் விளக்கியது இது. இறக்கத்தில் த்ரொட்டலை மூடினால் காற்று உள்ளே போக வழியில்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சல் அதிகமாகும். வால்வ் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் இறுகிப் போயிருந்தால், அந்த உறிஞ்சலில் மேலே ஹெட்டில் இருக்கும் ஒயில் உள்ளே வடியும். கீழே போய் த்ரொட்டலைத் திறந்ததும் அது மொத்தமாக எரிந்து நீலமாக வரும். இரவில் நின்ற பைக்கில் காலையில் வரும் புகையும் இப்படி வடிந்த ஒயில்தான். பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் போரோ தேய்ந்திருந்தால், ஏற்றத்தில் இழுக்கும்போதுதான் புகை அதிகம் வரும், எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயிலும் காற்று தள்ளும். இந்த வித்தியாசத்தைப் பார்க்க நம் ரோடுகளைவிட நல்ல இடம் கிடையாது.

கறுப்புப் புகை என்றால் கணக்கு வேறு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், காற்று மெல்லியது. கீழ்நாட்டில் ட்யூன் பண்ணிய காபரேட்டர் பைக் அங்கே பெட்ரோலை அதிகமாக எடுத்துக் கறுப்பாகப் புகைக்கலாம், பிளக்கும் கரி பிடிக்கும். அதைக் காட்டியும் போர் போடச் சொல்லுவார்கள்.

நோர்வூட் பாஸ் எஞ்சினைக் கழற்றும்போது முதல் நட்டிலிருந்தே மச்சானை வீடியோ எடுக்கச் சொன்னேன். ஒயிலை இறக்கினால் கித்துள் பாணி மாதிரி இழுபட்டது. புகையை மறைக்கத் தடிப்பான மருந்து கலந்திருந்தார்கள். காலையில் கிக் இறங்காததற்கும் காரணம் அதுதான். ஹெட்டும் பிளொக்கும் சேருகிற இடத்தில் சுற்றிவரச் சாம்பல் நிற சிலிக்கன் பேஸ்ட். பார்த்தால் புதிதாகத் திறந்து மூடிய மாதிரியே இருக்கும். கழற்றினால் உள்ளே பழைய கேஸ்கட், ஒட்டியபடியே. அதாவது எஞ்சினைத் திறக்கவே இல்லை, வெளியே மட்டும் பூசிவிட்டிருக்கிறார்கள்.

பிஸ்டன் தலையில் கரி தடிப்பாக இருந்தது. பெட்ரோல் துணியால் துடைத்துக் காட்டினார். இங்கேதான் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. போர் போட்டால் சிலிண்டர் ஓட்டை பெரிதாகும், அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். அப்படிப்பட்ட பிஸ்டனின் தலையில் 0.25, 0.50 என்கிற அளவை வழக்கமாகக் குத்தியிருப்பார்கள், சிலவற்றில் 25, 50 என்று மட்டும் இருக்கும். என் பிஸ்டனில் அப்படி எதுவுமில்லை, பைக்கோடு வந்த பிஸ்டன். சிலிண்டர் சுவரில் தொழிற்சாலையில் போட்ட குறுக்குக் கோடுகள் இன்னும் மங்கலாகத் தெரிந்தன. போர் போடத் தேவையே இருந்திருக்கவில்லை.

வால்வ் சீல் இரண்டையும் கையில் கொடுத்தார். நகத்தால் அழுத்தினேன், வெடித்துவிட்டது. சீல், கேஸ்கட், புது ஒயில், கூலி எல்லாம் சேர்த்து 5,800 ரூபாய். கினிகத்தேனை இறங்கிப் பார்த்துவிட்டேன், புகை இல்லை.

காபரேட்டரையும் மாற்றியிருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். இப்போது இருப்பதில் கொம்பனி எழுத்து எதுவும் இல்லை. பெட்ரோல் அதிகம் குடித்தது அதனாலாக இருக்கலாம். முன்னால் எடுத்த படம் என்னிடம் இல்லை, ஆகவே புகாரில் அதைச் சேர்க்கவில்லை. நீங்கள் பைக்கைக் கராஜில் விடும்போது காபரேட்டர், பட்டரி, டயர் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் திறக்கிற வேலை என்றால் திறக்கும் நேரத்தைக் கேட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். பழைய பிஸ்டனை வீட்டுக்குக் கொண்டுபோவேன் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நல்ல பாஸ் யாரும் இதற்குக் கோபிக்க மாட்டார்.

டவுன் கராஜில் போய்க் கேட்டபோது, நோர்வூட்காரர்தான் புது பிஸ்டனை எடுத்துக்கொண்டு பழையதைப் போட்டிருப்பார் என்றார்கள். வீடியோவைக் காட்டினேன். அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை, குரல் மட்டும் இறங்கியது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொருள் மட்டுமல்ல, சேவை பற்றியும் அங்கே புகார் செய்யலாம். மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும், எழுத்தில் கொடுக்க வேண்டும். கராஜ்காரர்கள் ரன்னிங் முடியட்டும், சர்வீஸ் முடியட்டும் என்று இழுத்தடிப்பதில் அந்த மூன்று மாதம் போய்விடலாம், கவனம். நான் பில், வீடியோ, பழைய சீல் இரண்டு, பிஸ்டன் தலையின் படம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

போன கிழமை அந்த டவுன் கராஜ்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். 10,000 தருகிறார்களாம், புகாரை வாபஸ் வாங்க வேண்டுமாம். வந்தவர் தெரிந்தவர் என்பதால் தேத்தண்ணி கொடுத்து, முழுப் பணமும் வந்தால் பேசலாம் என்று சொல்லி அனுப்பினேன்.