திரும்பி வந்த ‘ஆல்ஃபா 2’ போர்டும் கழன்று கிடந்த ஒரு திருகும்

செத்துப்போய் ஏழு மாதமாகப் பரணில் கிடந்த என் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா 2’ போர்டு (காசு போட்டு ஆடும் வீடியோ கேம் இயந்திரத்துக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை), பழுதுபார்க்கும் சேவை ஒன்றுக்கு அனுப்பியிருந்தது, போன வாரம் பார்சலில் திரும்பி வந்தது. பிழைத்துவிட்டது. உயிர் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டே குறைக்கு வருகிறேன்.

நோய் இதுதான். ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான கேப்காம் 1993இல் கொண்டுவந்த சிபிஎஸ்-2 வகைப் போர்டுகளில் ஆட்டத்தின் நிரல் பூட்டப்பட்ட நிலையில் சிப்புகளில் இருக்கிறது. பூட்டைத் திறக்கும் சாவியோ 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரியின் தயவில் வாழ்கிறது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழிந்துவிடும். சிப்புகள் அத்தனையும் நலமாக இருந்தாலும் திரையில் வெறும் ஒற்றை நிறம்தான். ‘தற்கொலை பேட்டரி’ என்று சேகரிப்பாளர்கள் சும்மா சொல்லவில்லை. போலி போர்டு செய்தவர்களுக்காக வைத்த பொறியில் இன்று சிக்குவது அசல் போர்டு வைத்திருப்பவன்தான். என்னுடையது 1996ஆம் ஆண்டு ஆட்டம். பேட்டரி மாற்றுவதை நாளை, நாளை என்று தள்ளிப்போட்டது என் சோம்பல். அதற்கு யாரையும் நோக முடியாது.

முன்பெல்லாம் இதற்கு ஒரே வழி, பூட்டு நீக்கிய நிரலை வேறு சிப்புகளில் எழுதி மாட்டுவது. ஆட்டம் ஓடும், ஆனால் அசல் சிப்புகள் வெளியே போய்விடும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அழிந்த சாவியை அசல் போர்டிலேயே மீண்டும் ஏற்றும் வழியை ஆர்வலர்கள் 2016இல் வெளியிட்டார்கள். நான் போர்டை அனுப்பிய சேவையினர் செய்வது அதைத்தான். அனுப்பும் முன் எடுத்த படங்களோடு ஒப்பிட்டேன்: ஒரு சிப்பைக்கூடக் கழற்றவில்லை, கிழிந்த லேபிள்கூட அப்படியே இருக்கிறது. வேலை சுத்தம்.

இனி குறை. பெட்டியை அசைத்தபோது உள்ளே ‘கலகல’வென்றது. திறந்தால், போர்டின் மேலேயே உறையின் திருகு ஒன்று உருண்டுகொண்டிருந்தது. அப்படியே மின்சாரம் கொடுத்திருந்தால் ஏழு மாதக் காத்திருப்பும் புகையாகியிருக்கும். சாவியை ஏற்றத் தெரிந்த கைக்குத் திருகை முடுக்கத் தெரியாதா?

புதிய பேட்டரியையும் நேராகப் பற்றவைத்திருக்கிறார்கள். கழற்றி மாட்டும் தாங்கி இல்லை, மாற்றிய தேதியும் இல்லை. போர்டை இயக்கும்போதெல்லாம் சாவியை எழுதிக்கொடுத்து, பேட்டரியே வேண்டாம் என்றாக்கும் சிறு துணைப் பலகையும் இவர்களிடம் உண்டாம். அதை நானாகக் கேட்ட பிறகே சொன்னார்கள்.

இன்னும் சாகாத சிபிஎஸ்-2 ஒன்று வீட்டில் இருக்கிறது. அதையும் இவர்களுக்கே அனுப்பப்போகிறேன், இம்முறை அந்தத் துணைப் பலகைக்காக. திருகுகளை எண்ணி, எண்ணிக்கையை உறையின் மேல் எழுதி ஒட்டியாயிற்று.