நைட் கார்டு: பிளாஸ்டிக்குக்குக் காசு உண்டு, கடி பார்க்க நேரமில்லை

"மக்கா, சாஃப்ட் வாங்கவா ஹார்டு வாங்கவா?" என்று பாறசாலையிலிருந்து ஒரு சேக்காளி கேட்டிருக்கிறான். ராத்திரி பல்லை நறநறவென்று கடிக்கிற ஆள். கடைவாயில் அடைத்த சிமெண்டு உடைந்து விழுந்ததும் டாக்டர் நைட் கார்டு, அதாவது தூங்கும்போது பல்வரிசைமேல் மாட்டுகிற பிளாஸ்டிக் உறை, போடச் சொல்லியிருக்கிறார். சாஃப்டா ஹார்டா என்பதைப் பிறகு பார்க்கலாம். கார்டு தயாராகி வந்த அன்று உன்னை அந்த நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார வைப்பார்கள் என்பதை முதலில் கேள். வருடக்கணக்காக இதை வாயில் மாட்டிக்கொண்டு தூங்குகிறவனாக எனக்குள்ள தீராத எரிச்சல் அந்த நாற்காலி நேரத்தில்தான்.

கார்டு பல் கடிப்பதை நிறுத்தாது. இது தெரியாமல் வாங்குகிறவர்கள்தான் ஒரு மாதத்தில் தூக்கிப் போடுகிறார்கள். தூக்கத்தில் பல் கடிப்பது பெரும்பாலும் லேசான உறக்கத்தில், மூளை கண நேரம் விழிப்புப் பக்கம் எட்டிப் பார்க்கும்போது நடக்கிறது. முதலில் இதயத் துடிப்பு கூடும், அதன்பின் தாடைத் தசை இறுகும். வாயில் பிளாஸ்டிக் இருப்பது மூளைக்கு ஒரு பொருட்டே இல்லை. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2007இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வும், கார்டு இந்தப் பழக்கத்தைக் குணப்படுத்தும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை, பல் தேய்வதற்கு வேண்டுமானால் உதவலாம் என்ற அளவில்தான் நிறுத்திக்கொண்டது. எனாமல் தேய்ந்தால் திரும்ப வளராது. கார்டு தேய்ந்தால் வேறு வாங்கலாம். வாங்குவதற்கு அந்த ஒரு காரணமே போதும். வயிற்றில் பூச்சி இருந்தால் பல் கடிக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் பூச்சி மருந்து வாங்கிக் கொடுப்பார்கள். குடித்தால் பூச்சி போகும், பல் கடி அதுபாட்டுக்கு இருக்கும்.

இனி சாஃப்ட். ஈ.வி.ஏ. என்கிற மெத்தென்ற தகட்டைச் சூடாக்கி, கல்மாவில் வார்த்த பல் மாடல்மேல் காற்றை உறிஞ்சிப் படியவைத்து, ஓரத்தை வெட்டி எடுத்தால் வேலை முடிந்தது. விலை குறைவு, முதல் ராத்திரியே சுகமாக இருக்கும். அந்தச் சுகம்தான் கெடுதல். வாயில் ரப்பர் ஒட்டுப்பால் உருண்டை மாதிரி எதையாவது கொடுத்தால் தாடை அதை மெல்லத்தான் பார்க்கும். 1987இல் அமெரிக்கப் பல் மருத்துவ சங்கத்தின் இதழில் பத்துப் பேரை வைத்துச் செய்த ஒரு சின்ன ஆய்வு வந்தது. ஹார்டு போட்டபோது எட்டுப் பேருக்கு ராத்திரித் தசை வேலை குறைந்தது. சாஃப்ட் போட்டபோது ஐந்து பேருக்குக் கூடியது, ஒருவருக்குத்தான் குறைந்தது. பத்துப் பேரை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்பு எழுத முடியாது, சரி. ஆனால் சாஃப்டில் வேறொரு குறை இருக்கிறது, அதற்கு ஆய்வு தேவையில்லை: அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. டாக்டர் தேய்க்கிற சுழல்முனையான பர் பட்டால் பிசிறு பிசிறாக இழுத்துக்கொண்டு வருமே தவிர வழவழப்பாக வெட்டுப்படாது. உயரமாக வந்தால் உயரம்தான்.

ஹார்டு என்பது பல்செட் செய்கிற அதே அக்ரிலிக். கடைவாய்ப் பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம் இருக்கும். உள்ளே மெத்து, வெளியே கெட்டி என்று இரண்டு அடுக்காக ஒன்று வருகிறது. பிடிப்பு நன்றாக இருக்கும், நாள்பட ஓரத்தில் அடுக்கு பிரிந்து மஞ்சளாகும். வெந்நீரில் முக்கிக் கடித்துக்கொள்கிற ரகத்தை, நல்லது வரும்வரை சில வாரத் தற்காலிகமாக மட்டும் நினைக்கவும். முன்பல்லுக்கு மட்டும் மாட்டுகிற குட்டித் துண்டு வேண்டவே வேண்டாம். மாதக்கணக்கில் போட்டால், எதிரே தடுப்பில்லாத பின்பற்கள் மெல்ல எழும்பி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்கிற கடியே மாறிப்போகலாம். தூக்கத்தில் கழன்றால் தொண்டைக்குள் போகிற அளவுதான் அது. எந்த ரகமானாலும் கடைசிக் கடைவாய்ப் பல்வரை மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

இப்போது நாற்காலிக்கு வருவோம். மேல்வரிசை ஹார்டு கார்டு வந்த அன்று நடக்க வேண்டியது இது. முதலில் உட்புறம். விரலால் அழுத்தினால் ஒரு தரத்தில் பொருந்தி உட்கார வேண்டும். ஒரு மூலையை அழுத்தும்போது எதிர்மூலை எழும்பக் கூடாது. எழும்பினால் உள்ளே எங்கோ மேடு இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துச் சுரண்டாமல் கடியைப் பார்த்துப் பயனில்லை. அடுத்து நீலக் கார்பன் தாளை நடுவில் வைத்து மெதுவாகத் தட்டிக் கடிக்கச் சொல்ல வேண்டும். கீழ்வரிசைக் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் கார்டின்மேல் புள்ளி வைக்க வேண்டும். முன்பல் லேசாகப் பட்டால் போதும். ஒரு பக்கம் கறுநீலமாகவும் மறுபக்கம் வெறுமையாகவும் இருந்தால், கறுத்த இடத்தைப் பர் வைத்து மயிரிழை மயிரிழையாகக் குறைக்க வேண்டும். அதன்பின் சிவப்புத் தாள். தாடையை இடது, வலது, முன்னால் என்று தேய்க்கச் சொல்வார்கள். பக்கவாட்டில் நகரும்போது கோரைப்பல் மட்டும் கோடு இழுக்க வேண்டும், கடைவாய்ப் பற்கள் விலகிக்கொள்ள வேண்டும். பின்னால் சிவப்புக் கோடு விழுந்தால் நீலப் புள்ளியைத் தொடாமல் அந்தக் கோட்டை மட்டும் எடுக்க வேண்டும். திரும்ப நீலம், திரும்ப சிவப்பு. ஒரு தடவை சாய்த்துப் படுக்க வைத்து, ஒரு தடவை நேராக உட்கார வைத்து. தலை சாய்ந்தால் தாடை நிற்கும் இடமும் மாறும். கடைசியில் பாலிஷ். ஒழுங்காகச் செய்தால் அரை மணி நேரம் சுலபமாகப் போகும்.

நடப்பது என்ன? மாட்டு, கடி, "எப்பிடி இருக்கு?" "ஒரு பக்கம் ஒசரமா இருக்கு டாக்டர்." "பழகிரும்."

எச்சில் ஊறுவது பழகும். தலையணை நனைவது முதல் இரண்டு வாரத்தில் நின்றுவிடும். வாய்க்குள் ஏதோ இருக்கிற உணர்வும் போய்விடும். ஒற்றைப் பக்க உயரம் பழகாது. இரவு முழுக்க விழுகிற பலமெல்லாம் ஒரே கடைவாய்ப் பல்லின்மேல் இறங்கும். காலையில் அந்தப் பல்லில் ஏத்தங்காய் சிப்ஸைக் கடித்தால் வேரைச் சுற்றி வலிக்கும். அந்தப் பக்கத்து நெற்றிப்பொட்டும் சேர்ந்து விண்விண்ணென்கும். அப்புறம் ஆள் கார்டைக் கழற்றி டப்பாவில் போட்டு, "எனக்கு அது ஒத்துக்கலை" என்று சொல்லிக்கொண்டிருப்பான். ஒத்துக்கொள்ளாதது கார்டு அல்ல, பார்க்காமல் விட்ட நீலப் புள்ளி.

டாக்டர்களையே திட்டிக்கொண்டிருப்பது நியாயமில்லை என்பதும் தெரியும். சின்ன ஊர் கிளினிக், வெளியே ரூட் கேனாலுக்கு நான்கு பேர் காத்திருப்பார்கள். நாமும் பொருளுக்குத்தான் பேரம் பேசுகிறோம், அரை மணி நேரத் தேய்ப்புக்குத் தனியாகக் கட்டணம் கேட்டால், "சும்மா உரசுனதுக்கா?" என்று கேட்கிற கூட்டம் நாம். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னால் பாதிப் பேர் போவதும் இல்லை. போக வேண்டும். கார்டு போட்ட சில நாளில் தசை தளர்ந்து, தாடை கொஞ்சம் வேறு இடத்தில் உட்காரத் தொடங்கும், முதல் நாள் புள்ளிகள் மாறியிருக்கும். அந்த இரண்டாம் சரிபார்ப்புதான் கார்டை நிஜமாகவே உன்னுடையதாக்குகிறது.

வீட்டில் சோதிக்க ஒரு வழி: மெல்லிய பில் தாளை விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, கார்டுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைத்துக் கடித்து, மெதுவாக இழுத்துப் பார். இரண்டு பக்கக் கடைவாயிலும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் பிடித்து, மறுபக்கம் வழுக்கிக்கொண்டு வந்தால் கிளினிக்குக்குப் போ. உப்புத்தாளை எடுத்து நீயே தேய்க்காதே. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

எங்கள் தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்தில் இன்னொரு வில்லங்கம் உண்டு. கிளினிக் களியக்காவிளையில் இருக்கும், கார்டு செய்கிற லேப் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ இருக்கும். ஆல்ஜினேட் மாவைப் பல்லில் பதித்து எடுத்த அளவு பெரும்பாலும் தண்ணீர்தான். ஈரம் போகப் போகச் சுருங்கும், தண்ணீரில் போட்டு வைத்தால் உப்பும். எடுத்த சில நிமிடங்களில் ஈரத்துணி சுற்றி, சீக்கிரமே கல்மாவு ஊற்றியாக வேண்டும். அளவை அப்படியே பஸ்ஸில் அனுப்பி, சாயங்காலம் லேபில் ஊற்றினால், வருகிற கார்டு உன் பல்லுக்குச் செய்ததாக இருக்காது, சுருங்கிய பல்லுக்குச் செய்ததாக இருக்கும். "மாடலை இங்கேயே ஊத்துவீங்களா?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். வாய்க்குள் ஸ்கேனர் விட்டு அளவெடுக்கிற இடமென்றால் இந்தத் தொல்லை இல்லை. கோப்பும் பத்திரமாக இருக்கும், அடுத்த கார்டுக்கு வாய் திறக்க வேண்டியதில்லை.

எதிர்பாராமல் பிடித்துப்போனது கார்டின் மேற்பரப்பு. கோரைப்பல் பக்கம் பளபளவென்று ஒரு பள்ளம் விழுந்துகொண்டே வரும். ஈரம் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், எந்தப் பக்கம் அதிகம் தேய்க்கிறோம் என்பது ஒளிவு மறைவில்லாமல் தெரியும். கார்டு இல்லாவிட்டால் அவ்வளவும் பல்லில் விழுந்திருக்கும். அதைப் பார்க்கும்போது மட்டும் கோபம் தணிகிறது.

சுத்தம் செய்வதில் ஊர்ப் பேச்சு ஒன்று: போர் தண்ணீரால்தான் கார்டில் வெள்ளை படிகிறது என்று. படிகிற இடத்தைப் பார்த்தால் உண்மை தெரியும். மேல் கார்டில் கன்னப் பக்கம், இரண்டாம் கடைவாய்ப் பல் இருக்கும் இடத்தில் படியும். கன்னத்து உமிழ்நீர்க் குழாய் திறப்பது அங்கேதான். கீழ்க் கார்டில் முன்பல்லின் நாக்குப் பக்கம். ஆக, படிவது எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்து, பல்லில் பிடிக்கிற அதே காரை. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமஅளவு கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் இளகும். தினமும் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, பச்சைத் தண்ணீர், தனிப் பிரஷ், அவ்வளவுதான். பேஸ்ட் போட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து அதில் நாற்றம் தங்கும். வெந்நீர் விட்டால் வளையும், வெயிலில் நிற்கிற காரின் டாஷ்போர்டில் வைத்தாலும் அதே கதி. குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி நாளாக ஆகப் பழுப்பேற்றும். இடவப்பாதி மழையிலும் ஐப்பசி மழையிலும் ஈரத்தோடு டப்பாவை மூடினால் வழவழப்பும் பூஞ்சை வாடையும் வந்துவிடும். உதறி, துணியில் ஒற்றி, காற்றோட்ட ஓட்டை உள்ள டப்பாவில் வைக்கவும். டப்பா இல்லாமல் வெளியே வைத்தால் எறும்பு மொய்க்கும், நாய் உள்ள வீட்டில் நாய் கடித்துத் தீர்த்துவிடும்.

காலையில் கார்டைக் கழற்றியதும் பற்கள் சரியாகச் சேராத மாதிரி இருக்கும். கட்டஞ்சாயா குடித்து முடிக்கிற நேரத்தில் சரியானால் கவலையில்லை. மத்தியானம் வரை நீடித்தால் கடி பார்க்கச் சொல்.

புதிதாகக் கேப் போட்டாலோ பெரிய அடைப்பு வைத்தாலோ பழைய கார்டு ஏறாது. ஹார்டென்றால் அந்தப் பல் இருக்கும் இடத்தை உள்ளே குடைந்து, சூடாக்காமலே இறுகுகிற குளிர் அக்ரிலிக் வைத்து அங்கேயே திரும்பப் பதிக்கலாம். சாஃப்டில் அந்த அக்ரிலிக் ஒட்டாது, புதிதுதான். ஆகவே கேப் பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டுக் கார்டுக்கு அளவு கொடு. விரிசல் விட்டால் ஃபெவிக்விக் போடாதே, துண்டுகளை அப்படியே எடுத்துப் போ. வாரக்கணக்கில் போடாமல் விட்டு மறுபடி போடும்போது இறுக்கமாக இருக்கும்; வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் வைத்துப் போடு, அப்படியும் ஏறாவிட்டால் வலுக்கட்டாயமாக அழுத்தாதே.

சத்தமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று திணறி எழுகிற ஆளென்றால், கார்டுக்கு முன்னால் தூக்கப் பரிசோதனை. மேல்வரிசைக் கார்டு சிலருக்கு மூச்சடைப்பைக் கூட்டலாம். மன அழுத்தத்துக்குக் கொடுக்கிற ஃப்ளுவாக்சிடின், செர்ட்ரலின் வகை மாத்திரைகளாலும் பல் கடி வரலாம். எழுதிக் கொடுத்தவரிடம் சொல், நீயாக நிறுத்தாதே.

இத்தனையும் சொன்னபின் வாங்கு என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைக்கு வாய் வரவில்லை. மேல்வரிசை, ஹார்டு, எல்லாப் பல்லும் மூடியது, இரண்டு வாரத்தில் ஒரு சரிபார்ப்பு கட்டணத்தோடு சேர்ந்தது என்று பில்லில் எழுதித் தருகிற இடம் கிடைத்தால், திருவனந்தபுரம் வரை பஸ் ஏறினாலும் தகும். "பழகிரும்" என்கிற இடமென்றால் எழுந்து வந்துவிடு, அந்தக் காசு கையில் இருக்கட்டும். அதற்குள் எனாமல் கொஞ்சம் போகும்தான். நியாயமான அறிவுரை இல்லை என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.