பெல்லட்டை எடை போட்டுப் பிரிக்கத்தான் வேண்டுமா? மூன்று வருஷ அனுபவம்

டெக்சாஸில் இருக்கும் என் சித்தி மகன் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்குத் தோட்டாவைத் தானே நிரப்புகிறவன். போன் பேசினால் கிரிம்ப் புராணம்தான். போல்ட் பாய்ந்து தோட்டாவை மேகசினிலிருந்து தள்ளும்போது குண்டு தோட்டாக் கூட்டுக்குள் அமுங்கினால் அழுத்தம் எகிறும், அதனால் கூட்டின் வாயை லேசாக நெரிக்க வேண்டும், அதுதான் கிரிம்ப் என்பான்; கூட்டின் கழுத்து குண்டைப் பிடிக்கும் பிடிப்பு சரியாக இருந்தால் அதுவே போதும் என்று அடுத்த வாரம் அவனே மாற்றிச் சொல்வான்.

மதுரையில் நான் சுடுவது 10 மீட்டர் ஏர் ரைஃபிள். 4.5 மில்லிமீட்டர், 20 ஜூலுக்குக் கீழே, லைசென்ஸ் தேவையில்லை. பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டை ஒவ்வொன்றாக விரலால் வைக்கிறோம், கிரிம்ப் கவலையே கிடையாது. ஆனால் நமக்கும் ஒரு கிறுக்கு உண்டு, எடை பார்த்துப் பிரிப்பது.

முதல் வருஷம் அதைத்தான் செய்தேன். தெற்காவணி மூல வீதியில் நண்பனின் நகைப் பட்டறை, மில்லிகிராம் காட்டும் தராசு, 500 பெல்லட் டப்பா. காற்று பட்டால் எண் ஆடும் என்று சித்திரை வெயிலில் ஃபேனை வேறு நிறுத்திவிடுவேன். "என்னண்ணே, ஈயத்துக்கும் சேதாரம் போடவா?" என்பான் பட்டறைப் பையன்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் 0.53 கிராம் பெல்லட், 10 மீட்டருக்குள் சுமார் 17 மில்லிமீட்டர் இறங்கும். எடை மாறினால் வேகம் மாறும், ஆனால் எடை ஒரு சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ இறக்கத்தில் வித்தியாசம் 0.17 மில்லிமீட்டர்தான். இலக்கில் 10.3 புள்ளிக்கும் 10.4 புள்ளிக்கும் நடுவே இருப்பதே 0.25 மில்லிமீட்டர். என் மூச்சு அதைவிட அதிகமாக ஆட்டுகிறது!

பலன் தந்தது தலை அளவு, அதாவது பெல்லட்டின் முன்பக்க விட்டம். ரைஃபிளை வைஸில் இறுக்கி 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் மூன்றையும் ஐந்தைந்தாகச் சுட்டேன். 4.50 ஒரே ஓட்டையாக விழுந்தது, 4.51 சிதறியது. இது என் குழலுக்கு மட்டும். உங்களுடையதற்கு வேறாக இருக்கும், நீங்களேதான் சுட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பாவாடை நெளிவது. பெல்லட்டின் விரிந்த பின்பக்க விளிம்பைத்தான் பாவாடை என்போம். பைக் டேங்க் பையில் டப்பாவைப் போட்டுக்கொண்டு நம்ம ரோட்டில் போனால் ஈயம் ஈயத்தோடு மோதி நெளியாமல் என்ன செய்யும்? கண்ணாடி மேல் உருட்டினால் நெளிந்தது தத்தித் தத்திப் போகும், அதை எறிந்துவிடுகிறேன். டப்பா மூடிக்கு அடியில் வெட்டிய ஸ்பாஞ்சு வைத்த பிறகு அப்படி எறிவது பாதியாகக் குறைந்தது.

தராசுப் பக்கம் போய் இரண்டு வருஷமாகிறது. ஸ்கோர் இறங்கவில்லை.